கால்நடை மருந்துப் பொடியும் நம் இல்லங்களும்

நம் பங்குக் குடும்பங்களுள் பல, நான்கு கோழிகளையோ இரண்டு ஆடுகளையோ ஒரு கறவைப் பசுவையோ நம்பி வாழ்பவை. முட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதும், பால் பணத்தில் மளிகைக் கடன் தீர்ப்பதும் நாம் அறிந்தவையே. அத்தகைய இல்லங்களில், கூரைச் சந்திலோ அடுப்படி அலமாரியிலோ, மஞ்சள் நிறப் பொடி அடங்கிய சிறு பொட்டலம் ஒன்று செருகப்பட்டிருப்பதைக் காணலாம். கோழி சோர்ந்து நின்றாலும், கன்று கழிந்தாலும், ஆடு இருமினாலும் அப்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். அதனால் பிழைத்தவையும் உண்டு. ஆகவே அப்பொட்டலத்தின்மீது இல்லத்தரசியர்க்கு ஒரு தனி நம்பிக்கை ஏற்பட்டுள்ளது. அந்நம்பிக்கையைக் குலைப்பது நம் நோக்கமன்று. ஆனால் அப்பொடி கோழியோடு நின்றுவிடுவதில்லை. அதைக் கலக்கும் கைக்கும், முட்டைக்கும் பாலுக்கும், இறுதியில் வீட்டுக் குழந்தைக்கும் அது வந்து சேரக்கூடும். அது எவ்வாறு என்பதை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

பெரும்பாலும் அப்பொட்டலத்தில் இருப்பது ஆக்ஸிடெட்ராசைக்ளின் அல்லது டெட்ராசைக்ளின் என்னும் மருந்து. ஆன்டிபயாட்டிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளுள் இவ்வினமும் பழமையான ஒன்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துப் பல்கலைக்கழக வயல் ஒன்றின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து, பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியல் அறிஞர் பிரித்தெடுத்த மஞ்சள் நிறப் பொருளே இவ்வினத்தின் முதல் மருந்து. 1948ஆம் ஆண்டு அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டுகளில் ஆக்ஸிடெட்ராசைக்ளினும் வந்து சேர்ந்தது. அம்முதல் மருந்தைக் காய்ச்சி எடுத்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தன. அன்று தொடங்கியதுதான், நோயில்லாத கோழிக்கும் கிருமிக்கொல்லியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். விலங்குகளுக்கு மட்டுமே உரியது, மனிதர் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கையும், வீட்டு விலங்கு ஒன்றின் தலையைக் காட்டும் குறியும் அதில் அச்சிடப்பட்டிருக்க வேண்டுமென்பது நம் நாட்டுச் சட்டம். அடுத்து, ஒரு கிராம் பொடியில் எத்தனை மில்லிகிராம் மருந்து உள்ளது என்ற குறிப்பைத் தேட வேண்டும். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் இடறிவிடுகின்றன. நூற்றுக்கு 5 பங்கு மருந்துள்ள பொடியில் கிராமுக்கு 50 மில்லிகிராம் இருக்கும். நூற்றுக்கு 20 பங்கு உள்ளதிலோ கிராமுக்கு 200 மில்லிகிராம். இரண்டும் பார்வைக்கு ஒரே மஞ்சள்தான். சென்ற முறை ஒரு தேக்கரண்டி போட்டோம், இம்முறையும் அவ்வாறே போடுவோம் என்று எண்ணிக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்த பொட்டலத்திலிருந்து ஒரு கரண்டி போட்டால், அது நான்கு கரண்டிக்கு நிகராகிவிடும். கரண்டிக் கணக்கு மருந்துக்கு உதவாது. உயிரினத்தின் எடை, நோய், பொடியின் வீரியம் ஆகிய மூன்றையும் கொண்டு கால்நடை மருத்துவர் குறித்துத் தரும் அளவே அளவு. ஆகவே அளவு எதையும் நாம் இங்குக் குறிப்பிடவில்லை.

தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோழி எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு மருந்துதான் அதற்குச் சேரும். சித்திரை வெயிலில் அது மிகுதியாகக் குடிக்கும். ஐப்பசி மழையில் குறைவாகக் குடிக்கும். நோயுற்ற கோழியோ தண்ணீர்ப் பக்கமே போகாமல் மூலையில் நிற்கும். நலமாயிருக்கும் கோழிகள் மருந்தைக் குடித்துத் தீர்த்துவிட, மருந்து வேண்டிய கோழி ஏமாந்துபோகும். கிணற்று நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீராயிருந்தால் அச்சத்து டெட்ராசைக்ளினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். தீவனத்தில் கலக்கும் சிப்பித் தூளும், கன்றுக்கு மருந்துடன் புகட்டும் பாலும் இதே வேலையைச் செய்கின்றன. "மருந்து கேட்கவில்லை" என்று சலித்துக்கொண்டு அளவைக் கூட்டுவோர் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

கலக்கும் முறை

பொடியின் தீங்கில் பெரும்பகுதி அதன் தூசியில் உள்ளது. பொட்டலத்தைக் கிழித்து வாளியில் உதறும்போது மெல்லிய தூசி எழுந்து மூக்கிலும் கண்ணிலும் படிகிறது. ஒருமுறை படிவதால் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் அடுத்தடுத்துப் படியும்போது சிலருடைய உடல் அம்மருந்தைப் பகையாகக் கருதத் தொடங்கிவிடுகிறது. தோல் சிவத்தல், அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு எனப் பல வடிவில் அது வெளிப்படும். பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் பொடிகளில் இவ்வாபத்து மிகுதி. பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அப்பொட்டலத்தைத் தொடாதிருப்பதே நன்று. உயிருக்கே ஊறு நேர்ந்துவிடக்கூடும். டைலோசின் என்னும் மருந்து தீவனம் கலக்கும் தொழிலாளரின் கைகளில் தோல் அழற்சியை உண்டாக்கியிருக்கிறது.

ஆகவே வீட்டுக்கு வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு கலக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூகமூடியாலோ, அது கிடைக்காதபோது மடித்த துணியாலோ மூடிக்கொள்ளலாம். கைக்கு ரப்பர் உறை அணிவது நல்லது. பொடியின்மீது தண்ணீரைக் கொட்டாமலும், வாளித் தண்ணீரில் பொடியைத் தூவாமலும், சிறு கிண்ணத்தில் பொடியை இட்டுச் சிறிது நீர் தெளித்து, மாவு கரைப்பதுபோல் குழைத்துக்கொண்டு, பிறகு வாளி நீரில் சேர்த்தால் தூசி எழாது. கையை விட்டுக் கலக்கும் பழக்கம் வேண்டா. ஒரு குச்சி போதும். அந்தக் கிண்ணமும் கரண்டியும் மருந்துக்கென்றே ஒதுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். கழுவிவிட்டோமே என்று அவற்றை மீண்டும் அடுப்படிக்குக் கொண்டுவருவது தகாது. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் டெட்ராசைக்ளின் விரைவில் வலுவிழக்கும். பிளாஸ்டிக் வாளி ஏற்றது. கலந்த நீர் ஒரு நாளைக்கு மட்டுமே. மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும்.

வேலை முடியும்வரை வெற்றிலை போடுவதோ பீடி பிடிப்பதோ தின்பண்டம் கொறிப்பதோ ஆகாது. முடிந்தபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல் கால் மணி நேரம் தூய நீரால் கழுவி, எரிச்சல் தீராவிடில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது பொட்டலத்தையும் உடன் எடுத்துச் செல்லுதல் சிகிச்சைக்குப் பெரிதும் உதவும்.

இப்பணியை வீட்டில் யாரிடம் விடுகிறோம் என்பதும் கருதத்தக்கது. கோழிக்குத் தண்ணீர் வைப்பது பெரும்பாலும் சிறுவர் வேலையாகவே இருந்துவருகிறது. மருந்து கலக்கும் நாள்களில் மட்டுமேனும் அவ்வேலையைப் பெரியவர் ஏற்க வேண்டும். டெட்ராசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு பிணையும் இயல்புடையது என்றோம். வளரும் பல்லிலும் எலும்பிலும் அச்சத்து மிகுதியாகப் படிவதால், மருந்தும் அங்கே சென்று தங்கிவிடுகிறது. கருவின் பிற்பகுதி மாதங்களிலிருந்து 8 வயது வரையுள்ள காலத்தில் இம்மருந்து உட்கொள்ளப்பட்டால், முளைக்கும் பற்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறி, வாழ்நாள் முழுதும் அவ்வாறே நின்றுவிடும். எந்தப் பற்பொடியாலும் அதை நீக்க முடியாது. தூசி பட்டதனாலேயே இவ்வாறு ஆகிவிடும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. மருந்தளவில் உள்ளே சென்றால்தான் ஆகும். ஆனால் கோழிக்கு வைத்த இனிப்புப் பொடியை நக்கிப் பார்க்கும் குழந்தைகளையும், பிள்ளையின் புண்மேல் கோழி மருந்தைத் தூவும் பாட்டிமாரையும் நாம் அறிவோம். கருவுற்ற பெண்கள் இப்பொடியைக் கையாளாதிருப்பதும் இதே காரணத்தால்தான் அறிவுறுத்தப்படுகிறது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும்

கோழிக்கு நல்லது பசுவுக்கும் நல்லதாயிருக்கும் என்ற எண்ணம் பெரும் பிழை. அசை போடும் விலங்குகளின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலைச் செரிக்கச் செய்பவை அவையே. பசு தனித்து நின்று வைக்கோலைச் செரிக்க இயலாது. வளர்ந்த பசுவுக்கோ ஆட்டுக்கோ வாய்வழியே இப்பொடியைப் புகட்டினால், நோய்க்கிருமியோடு சேர்த்து அந்த நன்மை செய்யும் உயிர்களும் மடிகின்றன. பசு தீவனத்தை மறுக்கும். அசை போடுவது நின்றுவிடும். பால் வற்றியபின், நோய் முற்றிவிட்டது என்று எண்ணி இன்னும் ஒரு பிடி புகட்டுவோர் உண்டு. பெருவயிறு இன்னும் உருப்பெறாத இளங்கன்றின் நிலை வேறு. அதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இரு மருந்துகள் ஒன்றோடொன்று பகைப்பதும் உண்டு. இறைச்சிக் கோழித் தீவனம் பலவற்றில் இரத்தக் கழிச்சலைத் தடுப்பதற்காக மோனென்சின், சாலினோமைசின் போன்றவை முன்பே கலந்திருக்கும். அத்தீவனத்தைத் தின்னும் கோழிக்குத் தியாமுலின் என்னும் கிருமிக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால், இரண்டும் சேர்ந்து கோழிகளைக் கொன்றுவிடும். தீவன மூட்டையின் சீட்டை மருத்துவரிடம் காட்டினாலே இதைத் தவிர்த்துவிடலாம்.

பாலும் முட்டையும்

இனி, நம் மனச்சாட்சியைத் தொடும் பகுதிக்கு வருகிறோம். மருந்துண்ட கோழியின் முட்டையிலும், மருந்தேற்றிய பசுவின் பாலிலும் அம்மருந்து சில நாள் கலந்தே வரும். மடிநோய்க்கு மருந்து செலுத்தப்பட்ட பசுவின் பாலுக்கு உறை ஊற்றிப் பார்த்த இல்லத்தரசியர் இதை அறிவர், பால் தோயாது. மோரிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அம்மருந்து கொன்றுவிடுவதே காரணம். உறை சரியில்லை என்று மோரைக் குறை கூறுகிறோம். பாலைக் காய்ச்சினாலும் முட்டையை அவித்தாலும் மருந்து முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. பெனிசிலின் ஒவ்வாத ஒருவர்க்குப் பாலில் எஞ்சிய சிறு அளவே தடிப்பை உண்டாக்கக்கூடும்.

இதற்காகவே விலக்கு நாள்கள் என்று ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. கடைசி வேளை மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்து அவ்வுயிரினத்தின் பாலையோ முட்டையையோ இறைச்சியையோ உண்ணலாம் என்பதே அது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு சனவரியில் வெளியான விதியின்படி, உணவுக்குரிய கால்நடைகளின் மருந்துப் பொட்டலங்களில் இந்நாள்களை அச்சிட வேண்டும். ஆய்ந்து உறுதிசெய்யப்பட்ட காலம் இல்லாத மருந்துக்குப் பாலும் முட்டையும் குறைந்தது 7 நாளும், கோழி மற்றும் ஆடுமாடுகளின் இறைச்சி குறைந்தது 28 நாளும் விலக்கப்பட வேண்டும். முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாது என்று சில பொட்டலங்களில் எழுதியிருக்கும். அதை மதித்தல் வேண்டும்.

ஏழு நாள் முட்டையைக் கொட்டிவிட ஓர் ஏழைக் குடும்பத்துக்கு மனம் வருமா? எளிதில் வராது என்பதை நாம் அறிவோம். சங்கத்துக்குப் பால் ஊற்றாத ஒரு வாரம், தவணை கட்ட இயலாத ஒரு வாரமாகவும் ஆகிவிடலாம். வீட்டுப் பிள்ளைக்கு அம்முட்டையைக் கொடுக்காமல் ஒதுக்கிவிட்டு, அடுத்த தெருவில் விற்றுவிடும் தந்திரமும் இவ்விடத்தில்தான் பிறக்கிறது. அடுத்த தெருவிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நட்டத்தைக் குறைக்க வழி ஒன்றே: தேவையில்லாத போது மருந்து கொடுக்காதிருத்தல். நோயுற்ற கோழியைத் தனியே பிரித்து, அதற்கு மட்டும் மருந்து கொடுத்தால், மற்றவற்றின் முட்டை வீணாகாது.

நெடுநாள் கொடுத்தால் என்னாகும் என்பதற்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு சான்றாகும். ஸ்டூவர்ட் லெவி என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும், ஒரு பண்ணைக் குடும்பத்தின் இசைவோடு, அங்கு வளர்ந்த கோழிகளுள் ஒரு பகுதிக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் சிறிதளவு கலந்த தீவனம் கொடுத்துவந்தனர். ஒரே வாரத்தில் அக்கோழிகளின் குடலிலிருந்த கிருமிகள் ஏறத்தாழ முழுவதும் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிட்டன. அது எதிர்பார்த்ததே. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல, அப்பண்ணையில் வாழ்ந்த மனிதரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் பெருகின. ஐந்தாறு மாதங்களுக்குள், வாரந்தோறும் அக்குடும்பத்தாரிடம் எடுத்த மல மாதிரிகளில் நூற்றுக்கு 31.3 பங்கில், பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்ட கிருமிகள் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவையாக இருந்தன. அண்டை வீட்டாரிடம் அது 6.8 பங்கே. 1976ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. கோழியோ மனிதரோ அதனால் நோயுற்றுவிடவில்லை. கோழிக்குக் கொடுத்த மருந்தின் விளைவு, ஊசியோ மாத்திரையோ இன்றி, அதே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களின் உடலுக்குள் வந்து குடியேறியது என்பதே நாம் கருத வேண்டியது. நாளை அவர்களுள் ஒருவர்க்குக் காய்ச்சல் கண்டு, மருத்துவர் அம்மருந்தை எழுதிக்கொடுத்தால் அது பயன்படாமல் போகலாம்.

மருந்துக்கு அடங்கும் கிருமிகள் மடிய, அடங்காத சில மட்டும் எஞ்சிப் பெருகுவதே இதன் சூட்சுமம். அவை அந்தத் திறனைத் தம்மைச் சார்ந்த வேறு கிருமிகளுக்கும் கைமாற்றிக் கொடுக்கவல்லவை. மற்றெந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளுக்குக் கடைசிக் கருவியாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தைச் சீனாவில் பன்றிகளுக்குத் தீவனத்தில் கொடுத்துவந்தனர். அதை வெல்லும் திறனை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபுக்கூறு அங்கே கண்டறியப்பட்டதாக 2015ஆம் ஆண்டு செய்தி வந்தபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு சூலையில், உணவுக்குரிய கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் மீன் வளர்ப்புக்கும் கொலிஸ்டின் தடை செய்யப்பட்டது. குளோராம்பெனிகால் என்னும் மருந்து உணவுக்குரிய விலங்குகளுக்குப் பயன்படுவதும் 2025ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டுள்ளது. மிகச் சிலர்க்கு அம்மருந்து எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். அதற்கு இன்ன அளவு என்ற கணக்கில்லை என்பதே அதன் கொடுமை. பழைய பொட்டலங்களில் இப்பெயர்கள் தென்பட்டால் பயன்படுத்த வேண்டா.

மருந்து வேண்டாத நோய்கள்

வீட்டுக் கோழிகளைக் கூட்டம் கூட்டமாக வீழ்த்தும் வெள்ளைக் கழிச்சல் நோய், அதாவது இராணிக்கேட் நோய், நச்சுயிரால் வருவது. எந்தக் கிருமிக்கொல்லியும் நச்சுயிரை ஒன்றும் செய்யாது. கோழி அம்மையும் அத்தகையதே. ஆனால் நம் ஊர்களில் அப்பொடி மிகுதியாகச் செலவாவது இந்நோய்களுக்கே! பிழைத்த கோழி தன் வலுவால் பிழைத்தது. பெயரைப் பொடி தட்டிச் சென்றது. இந்நோய்க்குத் தடுப்பு மருந்து ஒன்றே காப்பு. அரசு கால்நடை மருந்தகங்கள் வாயிலாகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் நடத்தப்படுகின்றன. முகாம் நாளைக் கேட்டறிந்து, அன்று காலை கோழிகளைத் திறந்துவிடாமல் கூடையில் கவிழ்த்து வைத்தால் போதும்.

சேமித்து வைப்பது பற்றியும் ஒரு சொல். டெட்ராசைக்ளினை ஒளியும் வெப்பமும் ஈரமும் கெடுக்கும். தகரக் கூரைக்கு அடியில் செருகிய பொட்டலம் மே மாத வெயிலில் வெந்து, ஐப்பசியில் கட்டிதட்டி, நிறம் பழுத்துவிடும். காலங்கடந்த டெட்ராசைக்ளினை உட்கொண்ட நோயாளிகளின் சிறுநீரகம் பழுதுற்றதை 1963ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தனர். நாள் கடந்ததும், கட்டி தட்டியதும், கருத்ததும் கோழிக்கும் ஆகா. உலர்ந்த, குளிர்ந்த, பூட்டக்கூடிய இடத்தில், அதன் சொந்தப் பொட்டலத்திலேயே வைக்க வேண்டும். ஒருபோதும் அடுப்படி டப்பாவில் மாற்றி வைக்கலாகாது; சமையல் மஞ்சளுக்கும் இதற்கும் இரவு நேர விளக்கொளியில் வேறுபாடு தெரியாது.

எஞ்சிய மருந்து நீரைக் கிணற்றடியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதிருக்க, அன்றன்று குடிக்கும் அளவுக்கே கலப்பது நலம். வெறும் பொட்டலத்தில் விதையோ உப்போ கட்டி வைக்க வேண்டா. பயன்படாது போன பொடியை என்ன செய்வதென்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் அப்புறப்படுத்துங்கள். அடுத்த முறை அங்குச் செல்லும்போது வீட்டிலுள்ள பொட்டலங்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டினால், எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்கலாம் என்று மருத்துவரே பிரித்துக் கொடுத்துவிடுவார்.